'சீட்டு டூப்ளிகேட்'னு கேஸா? புழலுக்குப் போகும் முன் லாரி டிரைவர்கள் தெரிஞ்சுக்க வேண்டிய முன்ஜாமீன் விவரம்

திருத்தணி:

சென்னை - திருப்பதி ரோட்டில் ஆந்திர எல்லையை ஒட்டிய பொன்பாடி. நள்ளிரவில் ஒரு டிப்பர் லாரியை போலீசார் மடக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். டிரைவர் சட்டைப் பையில் இருந்து நடைச்சீட்டை எடுத்து நீட்டுகிறார். டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் தேதி மேல் தேதி எழுதியிருக்கிறது. சீல் கலர் ஜெராக்ஸ் மாதிரி தெரிகிறது. 'எனக்கு ஒண்ணும் தெரியாது சார், ஓனர் கொடுத்த சீட்டு' என்கிறார் டிரைவர். ஓனருக்கு போன் போட்டால் சுவிட்ச் ஆப்.

அங்கே டிரைவர் லாரியை விட்டுவிட்டு இருட்டில் ஓடினால், மறுநாள் பேப்பரில் 'போலீசாரைக் கண்டதும் டிரைவர் தப்பி ஓட்டம்' என்று ஒரு வரி வரும். அதோடு அவருக்கு வீட்டில் படுத்துத் தூங்கும் நிம்மதி போய்விடும். மணவூர், திருவாலங்காடு, கனகம்மாசத்திரம் பக்கம் லாரி ஸ்டீயரிங்கை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களுக்கு இது புதுக் கதை இல்லை. ஆனால் இந்த மாதிரி கேஸில் சட்டம் என்ன சொல்கிறது, முன்ஜாமீன் என்பது என்ன, அதை எங்கே கேட்பது என்பது பல பேருக்குத் தெரிவதில்லை. தெரியாததால்தான் புரோக்கர்களுக்கு பணம் கொட்டுகிறது.

நடைச்சீட்டு என்றால் என்ன?

கல், ஜல்லி, கிராவல், எம்-சாண்ட், மணல் எதுவானாலும் சும்மா ஏற்றிக்கொண்டு போக முடியாது. குவாரிக்காரர் அரசுக்கு கனிமத் தொகை கட்டி, மாவட்ட கனிமவளத் துறை அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். அந்த அனுமதி அளவுக்குள் ஒவ்வொரு லோடுக்கும் ஒரு சீட்டு. அதில் வண்டி நம்பர், எத்தனை யூனிட் அல்லது டன், எங்கிருந்து எங்கே, எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று எல்லாம் இருக்கும். அந்த நேரத்துக்குள், அந்த வண்டியில், அந்த லோடு மட்டும்தான் போக வேண்டும்.

மணல் விஷயம் இன்னும் கறார். தமிழ்நாட்டில் 2003-ல் இருந்து ஆற்று மணலை அரசு மட்டுமே எடுத்து விற்கலாம். தனியாருக்கு மணல் குவாரி குத்தகையே கிடையாது. ஆகவே தனியார் பேரில் 'மணல் குவாரி சீட்டு' என்று யாராவது நீட்டினால், அதைத் திருப்பிப் பார்க்கக்கூட வேண்டாம், அது போலி. ஆந்திராவிலோ தங்கள் ஊர் மணல் வெளி மாநிலத்துக்குப் போகக் கூடாது என்று தடை இருக்கிறது. அந்தப் பக்கச் சீட்டை வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் வருவதும் மாட்டிக்கொள்ளும் வழிதான்.

தில்லுமுல்லு பல ரகம். ஒரே சீட்டில் மூன்று நடை அடிப்பது ஒன்று. பழைய சீட்டில் நேரத்தைத் திருத்துவது ஒன்று. அசல் சீட்டை கலர் பிரிண்ட் போட்டு வண்டி நம்பரை மாற்றுவது இன்னொன்று. முதல் வகையில் சீட்டு அசல், நடைதான் திருட்டு. கடைசி வகையில் சீட்டே பொய். கோர்ட்டில் இந்த வித்தியாசத்துக்கு பெரிய மதிப்பு உண்டு. முதல் வகைக்கு 'போலி ஆவணம்' என்று கேஸ் போட்டிருந்தால் வக்கீல் அதைத்தான் முதலில் பிடிப்பார்.

என்னென்ன பிரிவு பாயும்?

1957-ம் ஆண்டு சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டப்படி, அனுமதி இல்லாமல் கனிமம் எடுத்துச் செல்வது குற்றம். 5 ஆண்டு வரை ஜெயில். வண்டியைப் பறிமுதல் செய்யலாம்.

இதோடு நிற்பதில்லை. 2024 ஜூலை 1-ந் தேதி முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதில் திருட்டுக்கு 303(2) பிரிவு, 3 ஆண்டு வரை. ஏமாற்றுவதற்காக போலி ஆவணம் தயாரிப்பதற்கு 336(3), 7 ஆண்டு வரை. போலி என்று தெரிந்தே அதை அசல் போலக் காட்டுவதற்கு 340(2). மோசடிக்கு 318(4), இதுவும் 7 ஆண்டு. பழைய ஆட்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால் 379, 468, 471, 420. அந்தத் தேதிக்கு முன்னால் நடந்த குற்றத்துக்கு இப்போதும் பழைய நம்பர்தான்.

இதில் டிரைவர் உற்றுப் பார்க்க வேண்டியது 340(2). சீட்டைக் காட்டியதால் மட்டும் குற்றம் ஆகிவிடாது. அது போலி என்று தெரிந்திருக்க வேண்டும், அல்லது அப்படி நம்புவதற்குக் காரணம் இருந்திருக்க வேண்டும். படிக்காத டிரைவருக்கு ஓனர் ஆபீசில் கொடுத்த பேப்பர் அசலா நகலா என்று எப்படித் தெரியும்? இதுதான் டிரைவர் தரப்பின் பெரிய வாதம். ஆனால் அதே டிரைவர் மீது ஏற்கனவே இரண்டு மணல் கேஸ் இருந்தால் இந்த வாதம் நொண்டி அடிக்கும்.

சில கேஸ்களில் போலீசார் 338 பிரிவையும் சேர்ப்பார்கள். மதிப்புள்ள பத்திரத்தைப் போலியாகத் தயாரித்ததாக அர்த்தம். தண்டனை ஆயுள் வரை போகும். லாரி நடைச்சீட்டு அந்த மாதிரி பத்திரம் ஆகுமா என்று வக்கீல்கள் கேட்பது நியாயமான கேள்வி. எப்.ஐ.ஆரில் அந்த நம்பர் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட வேண்டும். ஏனென்றால் 7 ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றம் என்றால் போலீசார் எடுத்த எடுப்பில் கைது செய்யக் கூடாது, கைது ஏன் தேவை என்று காரணம் எழுத வேண்டும், இல்லாவிட்டால் நோட்டீஸ் கொடுத்துக் கூப்பிட வேண்டும் என்று 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. அந்த நோட்டீஸ் இப்போது புதிய சட்டத்தில் 35(3) பிரிவில் வருகிறது. 338 சேர்ந்தால் இந்தப் பாதுகாப்பு கழன்றுவிடும்.

'அபராதம் கட்டியாச்சு, கேஸ் முடிஞ்சது'

நிறைய பேர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். அதிகாரிகள் போட்ட அபராதத்தைக் கட்டி ரசீது வாங்கிவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். தீராது.

கனிமச் சட்டப்படி ஒரு குற்றம், திருட்டு ஒரு தனிக் குற்றம், இரண்டுக்கும் தனித்தனியாக வழக்குப் போடலாம் என்று 2014 செப்டம்பரில் சஞ்சய் என்பவர் வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அந்த வழக்கு டெல்லியில் யமுனை ஆற்று மணல் பற்றியது. பிறகு 2020 டிசம்பரில் மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த ஜெயந்த் வழக்கில் இன்னும் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். அபராதம் கட்டி சமரசம் ஆனால் கனிமச் சட்ட வழக்கு மட்டும் போகும், திருட்டு வழக்கு அப்படியே நிற்கும். போலி ஆவணப் பிரிவு இருந்தால் சொல்லவே வேண்டாம்.

ஆனாலும் அந்த ரசீதைத் தூக்கி எறியக் கூடாது. முன்ஜாமீன் மனுவில் 'அரசுக்கு நஷ்டம் எதுவும் பாக்கி இல்லை' என்று காட்ட அது உதவும்.

முன்ஜாமீன் பிறந்த கதை

வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்தில் முன்ஜாமீன் கிடையாது. சட்டக் கமிஷன் 1969-ல் கொடுத்த 41-வது அறிக்கையில் சிபாரிசு செய்தது. பெரிய மனிதர்கள் தங்கள் எதிரிகளை அவமானப்படுத்தவே பொய் கேஸ் போட்டு சில நாள் உள்ளே தள்ளுகிறார்கள் என்பது அந்தக் கமிஷன் சொன்ன காரணங்களில் ஒன்று. 1974 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 438-வது பிரிவாக அது நுழைந்தது. எமர்ஜென்சி காலத்தில் உத்தரப்பிரதேசத்தில் அதை எடுத்தே விட்டார்கள். அங்கே மறுபடி வந்தது 2019-ல்தான்.

1980-ல் பஞ்சாப் அமைச்சராக இருந்த குர்பக்ஷ் சிங் சிபியாவின் வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொடுத்த தீர்ப்புதான் இன்று வரை இதற்கு அஸ்திவாரம். எப்.ஐ.ஆர். போடும் முன்பேகூட மனு போடலாம், ஆனால் 'எனக்கு பயமாக இருக்கிறது' என்று பொதுவாகச் சொன்னால் போதாது, கைது வரும் என்பதற்கு உருப்படியான காரணம் காட்ட வேண்டும் என்றார்கள். 'எந்தக் கேஸிலும் பிடிக்கக் கூடாது' என்று மொத்தமாக ஒரு உத்தரவு கேட்கவும் முடியாது. 2020 ஜனவரியில் சுசீலா அகர்வால் வழக்கில் இன்னொரு ஐந்து நீதிபதி பெஞ்ச், முன்ஜாமீனுக்கு நாள் கணக்கு வைத்துக் கெடு விதிக்க வேண்டிய கட்டாயம் இல்லை, சாதாரணமாக வழக்கு முடியும் வரை அது நிற்கும் என்றது.

இப்போது அது புதிய நடைமுறைச் சட்டத்தில் 482-வது பிரிவு. மனுவின் தலைப்பில் 438 என்று எழுதும் பழக்கம் இன்னும் சிலருக்கு விட்டபாடில்லை.

எங்கே போட வேண்டும்?

திருத்தணி மாஜிஸ்திரேட் கோர்ட்டில் முன்ஜாமீன் கிடைக்காது. அந்த அதிகாரம் அமர்வு நீதிமன்றத்துக்கும் ஐகோர்ட்டுக்கும் மட்டும்தான். அதாவது முதலில் திருவள்ளூர் மாவட்ட அமர்வு நீதிமன்றம். அங்கே தள்ளுபடி ஆனால் சென்னை ஐகோர்ட். நேராக ஐகோர்ட்டுக்கே போகவும் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் 'கீழே ஏன் போகவில்லை' என்ற கேள்வி வரும்.

மனு போட்ட உடனே கைது நின்றுவிடாது. இதை நன்றாக மனதில் வைக்க வேண்டும். அரசு வக்கீல் போலீசிடம் விவரம் கேட்க அவகாசம் வாங்குவார். அந்த இடைப்பட்ட நாட்களில் பிடித்துவிட்டால் முன்ஜாமீன் மனு செல்லாக்காசு. பிறகு வழக்கமான ஜாமீன்தான் வழி. இடைக்காலப் பாதுகாப்பு வேண்டும் என்று மனுவிலேயே தனியாகக் கேட்க வேண்டும், கொடுப்பதும் கொடுக்காததும் நீதிபதி கையில்.

எப்.ஐ.ஆர். நகலுக்காக ஸ்டேஷன் வாசலில் தவம் கிடக்கத் தேவையில்லை. பாலியல் குற்றம், தீவிரவாதம் போன்ற சிலவற்றைத் தவிர மற்ற எப்.ஐ.ஆர்.களை 24 மணி நேரத்துக்குள் இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவு போட்டிருக்கிறது. தமிழக போலீஸ் இணையதளத்திலேயே பார்த்து எடுக்கலாம்.

நகரி ஸ்டேஷனில் கேஸ் என்றால்?

எல்லைக்காரர்களுக்கு இதுதான் தலைவலி. வீடு மணவூரில். பிடிபட்டது பொன்பாடியைத் தாண்டி நகரி பக்கம். எப்.ஐ.ஆர். ஆந்திராவில். தெலுங்கில் இருக்கும் பேப்பரில் என்ன எழுதியிருக்கிறது என்றே புரியாது.

சாதாரணமாக, எங்கே கேஸோ அந்த மாநில கோர்ட்டில்தான் முன்ஜாமீன் கேட்க வேண்டும். ஆந்திர ஐகோர்ட் இருப்பது அமராவதியில். திருத்தணியில் இருந்து அங்கே போய் வக்கீல் பிடிப்பதற்குள் ஆளைத் தூக்கிவிடுவார்கள்.

இதற்கு 2023 நவம்பர் 20-ந் தேதி பிரியா இந்தோரியா வழக்கில் சுப்ரீம் கோர்ட் ஒரு வழி காட்டியது. வேறு மாநிலத்தில் எப்.ஐ.ஆர். இருந்தாலும், ஒருவர் தான் இருக்கும் ஊர் அமர்வு நீதிமன்றமோ ஐகோர்ட்டோ குறுகிய காலத்துக்கு முன்ஜாமீன் தரலாம். அந்த நாட்களுக்குள் அவர் கேஸ் உள்ள மாநில கோர்ட்டுக்குப் போய் முறைப்படி மனு போட்டுக்கொள்ள வேண்டும். இதை 'டிரான்சிட் முன்ஜாமீன்' என்று கோர்ட் வட்டாரத்தில் சொல்கிறார்கள்.

இதற்கும் கட்டுப்பாடு உண்டு. அந்த மாநில விசாரணை அதிகாரிக்கும் அரசு வக்கீலுக்கும் முதல் தேதியிலேயே நோட்டீஸ் போக வேண்டும். அங்கே உடனே போக முடியாததற்கு உண்மையான காரணம் சொல்ல வேண்டும். கேஸ் ஆந்திராவில் இருக்க, சம்பந்தமே இல்லாத ஊர் கோர்ட்டாகத் தேடிப் போய் மனு போடும் வேலை எடுபடாது. மணவூரில் வீடு, ரேஷன் கார்டு, பிள்ளைகள் படிக்கும் பள்ளி என்று இருப்பவருக்கு திருவள்ளூர் கோர்ட்டில் இதைக் கேட்க நியாயம் இருக்கிறது.

கைதே ஆகிவிட்டாலும், கைதுக்கான காரணத்தை எழுத்தில், அந்த ஆளுக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும் என்று 2025 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. தமிழ் மட்டும் தெரிந்தவரிடம் தெலுங்குப் பேப்பரில் கையெழுத்து வாங்கினால் அதைக் கோர்ட்டில் கேட்கலாம்.

கோர்ட் எதைப் பார்க்கும்?

சாதா மணல் கேஸைவிட போலிச் சீட்டு கேஸில் அரசு வக்கீல் எதிர்ப்பு பலமாக இருக்கும். காரணம் எளிது. சீட்டை யார் அச்சடித்தது, எந்த மெஷினில், இன்னும் எத்தனை கட்டு வெளியே இருக்கிறது என்பதை ஆளைப் பிடித்து விசாரித்தால்தான் தெரியும் என்பார்கள். அதற்கு பதிலாக வக்கீல்கள் சிபியா தீர்ப்பையே காட்டுவார்கள். முன்ஜாமீனில் இருப்பவர் சொல்லும் தகவலை வைத்தும் பொருட்களைக் கைப்பற்றலாம், அதற்கு ஆள் உள்ளேதான் இருக்க வேண்டும் என்பதில்லை என்று அதில் இருக்கிறது.

யார் மனு போடுகிறார் என்பதும் முக்கியம். கூலிக்கு ஓட்டிய டிரைவர், வண்டி ஓனர், குவாரிக்காரர், சீட்டு அச்சடித்தவர் - நாலு பேரும் ஒரே தட்டில் இல்லை. பிடிபட்ட டிரைவர் 'ஓனர்தான் கொடுத்தார்' என்று போலீசிடம் சொன்ன வாக்குமூலம் மட்டும் ஓனருக்கு எதிராக இருந்தால், ஓனர் தரப்புக்கு வாதாட இடம் இருக்கிறது. போலீசிடம் கொடுத்த வாக்குமூலம் கோர்ட்டில் சாட்சி ஆகாது. ஆனால் ஓனர் வீட்டில் வெற்றுச் சீட்டுக் கட்டு சிக்கியிருந்தால் கதை வேறு. முன் வழக்குகளை மறைத்து மனு போடுவது எல்லாவற்றையும் விட மோசம். அரசு வக்கீல் பட்டியலை எடுத்து நீட்டிய நிமிஷத்தில் மனு காலி.

லாரியை விட்டு ஓடியதையும் கோர்ட்டில் சொல்லுவார்கள். ஓடியதே குற்றம் என்று இல்லை, ஆனால் 'விசாரணைக்கு ஒத்துழைப்பார்' என்று வக்கீல் சொல்வதை நம்ப வைப்பது கஷ்டம் ஆகிவிடும்.

குண்டர் சட்டத்தில் 'மணல் கடத்தல்காரர்' என்று ஒரு வகை இருக்கிறது. தொடர்ந்து கேஸ் உள்ளவர் மீது கலெக்டர் அந்த உத்தரவு போட்டால் முன்ஜாமீன் அதைத் தடுக்காது.

மற்ற சரக்கு லாரிகளுக்கு

இரும்பு, துணி, சிமென்ட் ஏற்றும் வண்டிகளுக்கு நடைச்சீட்டுக்குப் பதில் இ-வே பில். மாநிலம் விட்டு மாநிலம் போகும் 50 ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு 2018 ஏப்ரல் 1 முதல் அது கட்டாயம். பில்லில் தகராறு என்றால் பெரும்பாலும் வரியும் அபராதமும்தான், அதைக் கட்ட வேண்டியது சரக்குக்காரர். ஜி.எஸ்.டி. சட்டத்தில் ஜாமீனில் வர முடியாத கைது என்பது 5 கோடி ரூபாய்க்கு மேல் வரி ஏய்ப்பு இருந்தால்தான். அந்த கேஸ்களிலும் எப்.ஐ.ஆர். இல்லாவிட்டாலும் முன்ஜாமீன் கேட்கலாம் என்று 2025 பிப்ரவரி 27-ல் சுப்ரீம் கோர்ட் தீர்த்து வைத்தது.

கிடைத்த பிறகுதான் வேலை

முன்ஜாமீன் கிடைத்ததும் ஸ்வீட் வாங்கிக் கொடுத்துவிட்டு வண்டி எடுப்பவர்கள் உண்டு. ஐகோர்ட் உத்தரவைக் கடைசி வரி வரை படிக்க வேண்டும். வழக்கமாக அதில் வருவது இதுதான்: 15 நாட்களுக்குள் சம்பந்தப்பட்ட மாஜிஸ்திரேட் முன் ஆஜராகி, சொன்ன தொகைக்கு சொந்த ஜாமீனும் அதே தொகைக்கு இரண்டு நபர் ஜாமீனும் கொடுக்க வேண்டும். ஜாமீன்தாரர்கள் போட்டோவும் இடது கைப் பெருவிரல் ரேகையும் வைக்க வேண்டும், ஆதார் அல்லது பேங்க் பாஸ்புக் நகல் கொடுக்க வேண்டும். தினமும் காலை 10.30 மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்து. சாட்சிகளைக் கலைக்கக் கூடாது, தலைமறைவாகக் கூடாது. சில உத்தரவுகளில் ஒரு தொகையை டெபாசிட் செய்யவும் சொல்வார்கள்.

காலை 10.30 மணி கையெழுத்து டிரைவருக்கு எவ்வளவு பெரிய அடி என்பது வெளியூர் லோடு போகிறவருக்குத்தான் தெரியும். அத்தனை நாளும் வண்டி ஏற முடியாது, படிக்காசு கிடையாது. சில வாரம் ஒழுங்காகக் கையெழுத்துப் போட்ட பிறகு, தளர்த்தக் கோரி அதே கோர்ட்டில் மனு போடலாம். 'நேற்று பெங்களூர் லோடு சார்' என்று சொல்லி நாலு நாள் தவறவிட்டால், ஜாமீனை ரத்து செய்ய போலீசார் மனு போடுவார்கள்.

இரண்டு ஜாமீன்தாரர் கிடைப்பதும் லேசு இல்லை. 'கோர்ட்டு வாசலில் ஆள் ரெடி' என்று வருகிற ஆட்களை நம்பிப் போய், அவர்கள் கொடுத்த ஆதாரே போலியாக இருந்தால், போலிச் சீட்டு கேஸோடு போலி ஜாமீன் கேஸும் சேர்ந்துகொள்ளும். சொந்தக்காரரோ தெருக்காரரோ வருவதுதான் பத்திரம்.

வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் திருவள்ளூர் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். இலவச போன் நம்பர் 15100. பெண்கள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர், காவலில் இருப்பவர்களுக்கு வருமான வரம்பு பார்ப்பதில்லை. டிரைவர் தலைமறைவாக இருந்தால் அவர் மனைவியே போய் விவரம் கேட்டுவரலாம்.

வண்டி கதை தனி. டிரைவருக்கு முன்ஜாமீன் கிடைத்தது என்பதால் லாரி வெளியே வராது. மணல் கடத்தலில் பிடித்த வண்டிகளை விடவே கூடாது என்று 2018 அக்டோபரில் மதுரை ஐகோர்ட் கிளை கறாராகச் சொன்னது. பிறகு நிபந்தனை போட்டு விடும் உத்தரவுகளும் வந்திருக்கின்றன. அதற்கு ஓனர் ஆர்.சி. புத்தகத்தோடு தனி மனு போட வேண்டும். அதுவரை லாரி ஸ்டேஷன் ஓரத்தில் வெயிலில் காயும், பைனான்ஸ்காரர் மாதத் தவணைக்கு போன் போட்டுக்கொண்டே இருப்பார்.